ஒரே வீட்டை வரைந்த இரண்டு சிறுமிகள்

நான் கடைசியாக வேலை பார்த்த சிறுவர் கலை நிலையத்துக்கு இப்போது பொறுப்பாக இருக்கும் இளம்பெண் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வரும் பழக்கத்தை நிறுத்திவிடலாம் என்று நிர்வாகத்தில் பேசிக்கொள்கிறார்களாம். பெற்றோர் எல்லோரிடமும் கைபேசி இருக்கிறது, ஒரு குரல் செய்தி அனுப்பினால் போதும் என்பது அவர்களின் வாதம்.

"சேர், அந்த நாள்ல வீட்டுத் தரிசிப்புன்னு போயி என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"தேத்தண்ணி குடிச்சோம்," என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. போன வீடுகளில் நாங்கள் செய்த வேலையைச் சுருக்கினால் மிஞ்சுவது அதுதான். ஆனால் அப்படி ஒரு தேநீர் எங்களிடமிருந்து ஒரு பிள்ளையை ஏறக்குறையப் பறித்துவிட்டது. அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நிலையத்துக்கு வருமுன் நான் பத்திரிகைக்காரன். கண்டிச் செய்தியாளராக நீதிமன்றம், மாநகர சபை, மண்சரிவு, விபத்து என்று அலைந்தேன். போன இடத்தில் பதில் வாங்காமல் திரும்பக்கூடாது என்பதே அந்தத் தொழில் எனக்குப் படிப்பித்த பாடம். பத்திரிகை வெளியூர்ச் செய்தியாளர்களைக் குறைத்தபோது நான் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து சேர்ந்தேன். பாலத்துக்கு அருகில், ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில் இருந்தது நிலையம். எனக்குச் சுருதியும் தெரியாது, தூரிகை பிடிக்கவும் தெரியாது. மும்மொழியிலும் கடிதம் எழுதுவான், வீடு தேடிக் கண்டுபிடிப்பான் என்பதற்காக எடுத்துக்கொண்டார்கள்.

எடுத்துக்கொண்டவர் பத்மா மிஸ். யாழ்ப்பாணத்தவர், கண்டிப் பாடசாலை ஒன்றில் சித்திர ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பின் நிலையத்தைத் தொடங்கியவர். பருத்திச் சேலையும் கால்களில் கன்வஸ் சப்பாத்துமாக வருவார். அந்தப் பகுதியின் ஏற்றங்களுக்கு வேறு காலணி சரிவராது என்பார். கேள்வி கேட்டுவிட்டு எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். பதில் வரத் தாமதமானால் அந்த மௌனத்தை அவர் நிரப்பியதே இல்லை. பத்திரிகையில் நானும் மௌனத்தைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் என் மௌனம் தூண்டில். அவருடையது அப்படியல்ல; உண்மையிலேயே அவருக்கு அவசரம் கிடையாது.

பாலத்திலிருந்து மேலே ஏறும் ஒழுங்கையில் வீடுகள் அடுக்கடுக்காக இருந்தன. கீழே முஸ்லிம் வியாபாரிகளின் மாடி வீடுகள். அதற்கு மேல் சிங்கள அரசாங்க ஊழியர்களின் வீடுகள். உச்சியில், கடை வேலைக்கென்று தேயிலைத் தோட்டங்களை விட்டு இறங்கி வந்த தமிழ்க் குடும்பங்கள் வாடகை அறைகளில் இருந்தன. பிள்ளைகள் வெவ்வேறு பாடசாலைகளுக்கு, வெவ்வேறு மொழிகளில் படிக்கப் போனார்கள். ஒரே படிக்கட்டில் தினமும் இறங்கினாலும் ஒருவரின் பெயர் மற்றவருக்குத் தெரியாது. சனிக்கிழமை பின்னேரங்களில் அவர்களை ஒன்றாக உட்காரவைப்பதுதான் எங்கள் வேலை.

வீட்டுத் தரிசிப்புக்கு மிஸ் வைத்திருந்த விதிகள் விசித்திரமானவை. கையில் குறிப்புப் புத்தகம் இருக்கக்கூடாது. முதல் நாளே பிள்ளையை அனுப்புவீர்களா என்று கேட்கக்கூடாது. கொடுப்பதை மறுக்காமல் குடிக்க வேண்டும். 'ஆம்', 'இல்லை' என்று முடியும் கேள்வி எதுவும் வேண்டாம். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "விடிய இந்த வீட்டில முதல் கேக்கிற சத்தம் என்ன?"

முதல் தடவை என்னையும் அழைத்துப் போனபோது, பழக்கதோஷத்தில் சட்டைப் பையைத் தொட்டேன்.

"நிருபர்," என்றார். கடைசி வரை என்னை அவர் அப்படித்தான் கூப்பிட்டார். "பேனையை உள்ள வையுங்கோ. இஞ்ச ஒருத்தரும் சாகேல்ல."

அந்தக் கேள்விக்கு ஆட்கள் யோசிக்கும் விதத்தைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. தண்ணீர் மோட்டார் என்பார் ஒருவர். "இல்ல, அதுக்கு முந்தி உங்கட இருமல்," என்று உள்ளேயிருந்து மனைவி திருத்துவார். சிரிப்பார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் அந்நியர்கள் இல்லை.

அந்தச் சத்தங்களுக்கு ஒரு வேலை இருந்தது. நிலையத்தின் தரையில் பெரிய வெள்ளைத் துணியொன்றை விரித்து, ஒழுங்கை முழுவதையும் பிள்ளைகளைக் கொண்டு வரையவைத்தார் மிஸ். பாலம், ஆறு, படிக்கட்டு, கடைகள் எல்லாம் வந்தன. அவரவர் வீட்டை அவரவர்தான் வரைய வேண்டும். வரைந்தபின் வீட்டுக்கு ஒரு சத்தம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றால், அவர்கள் ஒன்றுகூடி ஒரே சத்தத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். மிஸ் நீண்ட மூங்கில் கோலோடு துணியின் மேல் நடப்பார். கோல் எந்த வீட்டைத் தொடுகிறதோ அந்த வீட்டின் சத்தம் கேட்க வேண்டும். வேகமாகத் தொட்டால் வேகமான தாளம், இரண்டு வீடுகளுக்கிடையே மாறி மாறித் தொட்டால் உரையாடல். வணக்கத் தலங்களின் சத்தங்களை மட்டும் எடுக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "அதுகளுக்கு ஏற்கனவே ஆள் இருக்கு," என்றார்.

கொத்துரொட்டிக் கடைக்காரரின் மகன் கொத்தனாரின் சாந்தகப்பைகள் இரண்டால் தகரத்தட்டில் அடித்த தாளத்துக்கு மற்றப் பிள்ளைகளின் தலை தானாகவே ஆடும். சஹன் என்ற சிங்களப் பையன், தன் தந்தையின் மோட்டார் சைக்கிள் இயங்க மறுக்கும் சத்தத்தைத் தொண்டையால் செய்வான்.

"எப்பவாச்சும் ஸ்டார்ட் ஆகுமாடா அது?" என்று ஒருவன் கேட்டான்.

"ஸ்டார்ட் ஆனா பிறகு அப்பா போயிடுவார்தானே," என்றான் சஹன், தனக்குத் தெரிந்த தமிழில். "அது எங்கட வீட்டுச் சத்தம் இல்ல. ரோட்டுச் சத்தம்."

மிஸ் அந்தப் பதிலைப் பலநாள் சொல்லிச் சொல்லி வியந்தார்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் துணியின் கீழ்ப்பக்கத்தில் சண்டை வந்தது. இரண்டு சிறுமிகள் ஒரே வீட்டை வரைந்திருந்தார்கள். ஒருத்தி ஸைனப், அந்த மாடி வீட்டின் சொந்தக்காரரான துணி வியாபாரியின் மகள். மற்றவள் பவித்ரா, ஹுன்னஸ்கிரியப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்து அந்த வீட்டிலேயே தங்கி வேலைசெய்யும் யோகாவின் மகள். இருவருக்கும் ஒரே வயது. ஸைனப் ஒரு புறத்தில் உட்கார்ந்து முன்வாசலையும் பலகணியையும் வரைந்து வந்திருக்கிறாள். பவித்ரா எதிர்ப்புறத்திலிருந்து குசினி, தண்ணீர்த்தாங்கி, உடுப்புக் காயும் கொடி என்று வரைந்து வந்திருக்கிறாள். நடுவில் இரண்டு கூரைகளும் முட்டியபோதுதான் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இது எங்கட வீடு," என்றாள் ஸைனப்.

"எங்க வீடுந்தான்," என்றாள் பவித்ரா.

"ஒங்கட வீடு ஹுன்னஸ்கிரியல. நீங்க எங்கட வீட்டுல ஈக்கிற. ஒங்கட உம்மா எங்கட வீட்டுல வேல செய்ற."

"நான் அங்கதானே தூங்குறேன்? அங்கதானே எந்திரிக்கிறேன்? அப்ப அது யாரு வீடு?"

ஸைனப்பின் குரலில் இகழ்ச்சி இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். வீட்டு இலக்கத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். மற்றவளும் அழவில்லை; விடை தெரியாத கணக்கைக் கேட்பதுபோலக் கேட்டாள். பிள்ளைகள் எல்லோரும் மிஸ்ஸைப் பார்த்தார்கள். அவர் கூரைகள் முட்டிய இடத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு பிள்ளையள்," என்றார். "அப்ப சத்தம் ஒண்டு. ரெண்டு பேரும் கதைச்சுச் சொல்லுங்கோ."

சிக்கல் இன்னும் பெரிதாயிற்று. வாப்பாவின் கார் வந்து கேற் திறக்கும் சத்தம் என்றாள் ஸைனப். விடியற்காலையில் குசினிப் பின்கதவின் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் என்றாள் பவித்ரா.

"அப்பிடி ஒரு சத்தம் எங்கட வீட்டுல இல்ல," என்றாள் ஸைனப்.

"இருக்கு. தெனமும் கேக்குது."

"இல்ல."

மிஸ்ஸுக்கு இது பிடித்துப்போயிற்று. அன்றைக்கு நிலையத்தைப் பூட்டும்போது, "ஒரே சுவருக்குள்ள ரெண்டு வீடு, நிருபர். போய்ப் பாப்பம்," என்றார்.

அந்த வாரமே போனோம். முன்வாசலால்தான் போனோம். ஸைனப்பின் உம்மா பாஹிமா எங்களை மண்டபத்தில் இருத்தி, நிலையத்தைப் பற்றி மரியாதையாக விசாரித்தார். மகளின் சித்திரப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். பிறகு உள்பக்கம் திரும்பி, "யோகா, பிளேன்டீ கொண்டுவாங்க," என்றார்.

தட்டோடு வந்த பெண் எங்கள் மாணவியின் தாய். அந்த நிமிடம்வரை எங்கள் இருவருக்கும் அது உறைக்கவில்லை. கொடுப்பதைக் குடிப்பது எங்கள் விதி. இங்கே ஒரு பெற்றோர் கொடுக்கச் சொல்கிறார், மற்றொரு பெற்றோர் கொடுக்கிறார்.

மிஸ் கோப்பையை எடுக்காமல் எழுந்து நின்றார். "நீங்கள் பவித்ராவின்ர அம்மாவோ? இருங்கோ, இருங்கோ. உங்களையும் பாக்கத்தான் வந்தனாங்கள்."

யோகா இருக்கவில்லை. பாஹிமா நல்ல மனத்தோடுதான், "இரிங்க யோகா, மிஸ் செல்றாங்கதானே," என்றார். அதனால் நிலைமை இன்னும் மோசமாயிற்று. அந்த மண்டபத்தின் கதிரைகளைத் தினமும் துடைப்பவர் அவர். அவற்றில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"என்ர பிள்ளையள் ரெண்டு பேரும் ஒரு வேலை செய்திருக்கினம்," என்று மிஸ் தொடர்ந்தார். சந்தோஷச் செய்தி சொல்பவரின் குரல். "ரெண்டு பேரும் ஒரே வீட்டை வரைஞ்சிருக்கினம். எங்கட வீடு எண்டு. பவித்ரா சொல்றா, விடிய முதல் கேக்கிறது குசினித் தாழ்ப்பாள் சத்தமாம்."

யோகாவின் முகத்தை நான் பார்த்தேன். நீதிமன்றத்தில், பெயர் கூப்பிடப்பட்டதும் எழுந்து நிற்பவர்களிடம் பார்த்த முகம். தட்டை முக்காலியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பாஹிமா பேச்சை மழைக்குத் திருப்பினார். தேநீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தோம்.

அடுத்த சனிக்கிழமை பவித்ரா வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. தனியாக வந்த ஸைனப்பிடம் விசாரித்தேன்.

"உம்மா ஒண்டும் செல்லல்ல, சேர். யோகாக்காதான் அனுப்பல்ல. வார மாசம் அவள ஹுன்னஸ்கிரியக்கே அனுப்பப் போறாங்களாம். அங்க ஸ்கூலுக்குப் போவாளாம்."

இது சிறிய விஷயமல்ல. தாயும் மகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதற்காகவே யோகா வேறு வீடுகளில் கூடுதல் சம்பளத்துக்குக் கிடைத்த வேலையை விட்டு இந்த வீட்டில் நின்றார். பிள்ளையையும் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன ஒரே வீடு இதுதான். பவித்ராவின் தந்தை தோட்டத்தில் தனியே இருந்தார், பகலெல்லாம் வேலை. அவள் திரும்பிப் போனால் தாயை மாதத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பாள். ஒரு துணியில் ஒரு கூரையை வரைந்ததால் வந்த வினை.

அன்று மாலை மிஸ் பாலத்தின் கைபிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றார்.

"பிழை என்னில," என்றார். "வீட்டுத் தரிசிப்பு எண்டு போனம். ஸைனப் வீட்டுக்குத்தான் போனம். யோகாவின்ர வீட்டுக்கு நாங்கள் இன்னும் போகவேயில்லை."

"அவங்களுக்கு இங்க வீடு இல்லையே மிஸ்."

"அதைத்தானே அந்தப் பிள்ளை கேட்டது."

பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு யோகா தோட்டத்துக்குப் போவார் என்று ஸைனப் சொல்லியிருந்தாள். பவித்ராவையும் அப்போதுதான் கூட்டிப் போவதாக இருந்தது. அன்று காலை கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் மஹியங்கனை பஸ் ஏறினோம். தெல்தெனியவைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தார். வெளியே பனி, உள்ளே ஆட்களின் மூச்சு. ஹுன்னஸ்கிரியவில் இறங்கி முச்சக்கரவண்டி பிடித்தோம். தேயிலைக்கு நடுவே பாதை தீர்ந்த இடத்திலிருந்து தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு நடந்தோம்.

யோகாவை முதலில் அடையாளம் தெரியவில்லை. லயத்து வாசலில் நின்று, பைப்படியில் இருந்த யாரையோ உரத்த குரலில் நையாண்டி செய்துகொண்டிருந்தார். கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் கேட்டிராத குரல். எங்களைக் கண்டதும் அது நின்றது. ஆனால் ஒரு கணம்தான்.

"அடி ஆத்தாடி! மிஸ்சு! இந்த மலைக்கு ஏறி வந்துட்டீங்களா? வாங்க, வாங்க சேர். ஏய் பவி, அந்தக் கதிரையத் தொடைச்சுப் போடு."

எங்களைக் கதிரைகளில் இருத்திவிட்டு அவர் கட்டிலின் விளிம்பில், எங்களுக்கு எதிரே, காலை மடித்து உட்கார்ந்தார். தேநீர் ஊற்றினார். தனக்கும் ஊற்றிக்கொண்டார். பக்கத்து அறைப் பெண் எட்டிப் பார்த்து, "டவுனு அக்காவத் தேடி டவுனே வந்திருச்சே," என்றார். "ஆமா, ஒன்னயத் தேடி மாட்டுக்காரன்கூட வரமாட்டான்," என்று யோகா திருப்பிக் கொடுத்தார்.

மிஸ் தேநீர் முடியும்வரை காத்திருந்தார். பிறகு, "அண்டைக்கு நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது. அது எனக்கு விளங்குது. ஆனா எது உங்களுக்குக் கூட நொந்தது எண்டு எனக்குத் தெரியேல்ல," என்றார். சொல்லிவிட்டு யோகாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எதிர்பார்த்தது வேறு பதில். 'எங்க வீடு' என்று மகள் சொல்லிவிட்டாளே என்ற பயமே காரணம் என்று நினைத்திருந்தேன். செய்தியாக எழுதியிருந்தால் அப்படித்தான் தலைப்புப் போட்டிருப்பேன்.

"வீட்டக் கிறுக்கினதா பெருசு?" என்றார் யோகா. "சின்னப் புள்ள சொல்லும். பாஹிமா நோனாவும் ஒன்னும் சொல்லல. அந்தத் தாப்பாதான் மிஸ். நான் அந்த வூட்டுக்கு வந்த அன்னைக்கே நோனா சொன்னது ஒன்னுதான். 'ஐயாக்கு நித்திர கம்மி, விடிய வேல சத்தம் வரப்படாது'ன்னு. அன்னையிலேருந்து அந்தக் கதவ நான் சத்தம் வராமத்தான் தொறக்கிறேன். அதுக்குன்னே பழகியிருக்கேன். இவ போயி, அதுதான் அந்த வூட்டுச் சத்தம்னு ஊருக்கே சொல்லி, நீங்களும் நோனா மொகத்துக்கு நேரா வந்து சொல்றீங்க. நோனா என்னா நெனைச்சிருப்பாங்க? இத்தன நாளா இவ கதவ ஒடைச்சிக்கிட்டுத்தான் இருந்திருக்கா, நமக்குத்தான் தெரியலன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"அவ ஏதும் கேட்டவவோ?"

"கேட்டா சொல்லிடலாமே. கேக்காமயே இருக்காங்க. அதுதான் பயம்."

மிஸ் முன்னால் சாய்ந்தார். இப்போது அவர் முகத்தில் இருந்தது வெறும் ஆவல். "எப்பிடித் திறக்கிறனீங்கள்?"

"என்னாது?"

"சத்தம் வராம. எப்பிடி?"

யோகா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து தன் லயத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். பிறகு செய்துகாட்டினார். முழங்காலைக் கதவின் கீழ்ப்பகுதியில் அண்டைகொடுத்துக் கதவை மயிரிழை அளவு உயர்த்தினார். கதவின் பாரம் குறைந்தால்தான் இரும்பு உரசாதாம். இடது உள்ளங்கையால் தாழ்ப்பாளின் தலையை மூடினார். வலது கையின் இரண்டு விரல்களால், இழுக்காமல், உருட்டினார். உருட்டும்போது மூச்சை விடவில்லை. வாரத்துக்கு ஒருநாள் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விடுவாராம். கூடினால் தூசி பிடித்துக் கிறீச்சிடும். தாழ்ப்பாள் விலகியது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"இப்ப கேட்டுச்சா?" என்று எங்களைக் கேட்டார்.

நாங்கள் இல்லையென்று தலையசைக்குமுன் பவித்ரா மூலையிலிருந்து சொன்னாள்: "கேக்குதும்மா."

"ஒனக்குக் கேக்கும்டி. நீ கதவுக்குக் கீழதானே படுத்துக் கெடக்கிற."

சொல்லிவிட்டு யோகா சிரிக்கத் தொடங்கினார். மகளும் சிரித்தாள். மிஸ் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை செய்துகாட்டச் சொல்லி, இம்முறை கதவில் காதை வைத்துக் கேட்டார்.

அதற்குப் பிறகு தேயிலைக் கொழுந்தைப் பற்றியும் தண்ணீர்த் தட்டுப்பாட்டைப் பற்றியும் பேசினோம். பவித்ராவை அனுப்புவீர்களா என்று மிஸ் கேட்கவில்லை. பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

"வந்த விஷயத்தைக் கேக்காம வந்துட்டோமே மிஸ்?"

"கேட்டா என்ன சொல்லுவா? பிள்ளை இனி இஞ்சதான் எண்டு சொல்லுவா. வாயால சொல்லிப்போட்டா பிறகு அதை மாத்துறது மனுசருக்குச் சரியான கஷ்டம், நிருபர். சொல்லாத வரைக்கும் கதவு திறந்துதான் கிடக்கும்."

அதன்பின் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஸைனப் சொன்னதை, பிறகு பாஹிமாவிடமும் யோகாவிடமும் தனித்தனியே கேட்டு உறுதிசெய்துகொண்டேன். மூவர் சொன்னதும் ஒத்துப்போயிற்று.

பவித்ராவைத் தந்தையிடம் விட்டுவிட்டு யோகா தனியே வேலைக்குத் திரும்பியிருந்தார். ஸைனப்புக்கோ அந்தத் தாழ்ப்பாள் விஷயம் தீரவில்லை. தன் வீட்டில் தனக்குத் தெரியாத ஒரு சத்தம் இருப்பதாக இன்னொருத்தி சொல்கிறாள். அது பொய்யா, உண்மையா? ஒருநாள் விடியுமுன் எழுந்து, குசினிக்குப் போய், பவித்ரா படுக்கும் இடத்தில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். யோகா வந்து, முழங்காலை வைத்து, மூச்சை அடக்கித் தாழ்ப்பாளை உருட்டித் திறந்தார். வெளியிலிருந்து வந்த வெளிச்சத்தில் சுவரோரம் இரண்டு கண்கள். அவர் போட்ட கூச்சலில் வீடு முழுக்க எழும்பிவிட்டது.

பாஹிமா ஓடி வந்தார். "யா அல்லாஹ்! என்னத்துக்கு புள்ள இங்க வந்து குந்தீக்கிறாய்?"

"சத்தம் கேக்க உம்மா."

"என்ன சத்தம்?"

"யோகாக்கா தாப்பாத் தொறக்கிற சத்தம். பவித்ரா ஈக்கிதெண்டு செல்ற."

"கேட்டிச்சா?"

"இல்ல. ஒண்டுமே கேக்கல்ல."

யோகா அப்போது அழுதுவிட்டாராம். பயத்தினாலா, நிம்மதியினாலா என்று பின்னர் கேட்டேன். "ரெண்டுந்தான் சேர்," என்றார். பாஹிமா கதவை மறுபடி மூடித் திறக்கச் சொன்னார். கேட்கவில்லை. இன்னும் கிட்டே போய் நின்று மறுபடி திறக்கச் சொன்னார். அப்போதும் இல்லை. நித்திரை கலைந்து வந்த துணி வியாபாரி, தன் குசினியில் மூன்று பெண்கள் ஒரு தாழ்ப்பாளைச் சுற்றி மூச்சுவிடாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாராம்.

"புள்ள எங்க?" என்று பாஹிமா கேட்டார். ஏற்கனவே பதில் தெரிந்த கேள்வி. "வெள்ளிக்கிழமைக்குள்ள கூட்டி வாங்க. ஸ்கூல் கெட்டுப் போகுது."

"வீடு வரைஞ்சது, நோனா..."

"வீட்ட வரைஞ்சா உறுதிப்பத்திரம் மாறிப் போகுமா?" என்றார் பாஹிமா.

இந்த வசனத்தை அவரே எனக்கு இரண்டு தடவை சொன்னார், தன் சாமர்த்தியத்தில் சற்றுப் பெருமையோடு. அதைப் பெருந்தன்மை என்று நான் எழுதமாட்டேன். வீடு யாருடையது என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பிள்ளையை வரவழைத்தவர் அவர்தான்.

அந்தச் சனிக்கிழமை யோகாவே மகளைப் படியேற்றிக் கொண்டுவந்து விட்டார். உள்ளே வரவில்லை. இரும்புக் கடைக்காரரிடம் நின்று தாழ்ப்பாள் விலைகளை விசாரித்துவிட்டு, "இதெல்லாம் சத்தம் போடுற சாமான்," என்று சொல்லிப் போனாராம்.

சிறுமிகளின் வழக்கு மட்டும் தீரவில்லை. தன் காதால் கேட்டவள் என்ற தகுதியோடு, அந்தத் தாழ்ப்பாளுக்குச் சத்தமே கிடையாது, ஆகவே சத்தமில்லாமல் இருப்பதுதான் எங்கள் வீட்டின் சத்தம் என்று ஸைனப் வாதாடினாள். எனக்கு அது புத்திசாலித்தனமாகப் பட்டது. பவித்ரா ஒத்துக்கொள்ளவில்லை.

"சத்தம் இருக்கு. ஒனக்குக் கேக்கலன்னா இல்லன்னு ஆயிருமா?"

கொத்துரொட்டிப் பையன் சலித்துப்போய், "கார் ஹோர்ன அடிச்சிட்டுப் போங்களேன்," என்றான். இருவரும் சேர்ந்து அவனை முறைத்தார்கள். அவர்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். பிறகு மூலைக்குப் போய்க் குசுகுசுத்துவிட்டு வந்து, முடிவுசெய்துவிட்டோம் என்றார்கள். என்ன முடிவு என்று மிஸ் கேட்கவில்லை. அன்று நான்கூடக் கேட்கவில்லை.

பெற்றோருக்குக் காட்டும் நாள் வந்தது. மேல்மாடி நிறைந்துவிட்டது. தரையில் துணி, அதைச் சுற்றிப் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் கதிரைகள். பாஹிமா முன்வரிசையில் இருந்தார். யோகா கதவருகே, பின்னால், நின்றுகொண்டிருந்தார். இடம் இருந்தும் உட்காரவில்லை. மிஸ் கோலை எடுத்து ஆற்றிலிருந்து தொடங்கினார். தண்ணீர், பாலம், கொத்துத் தட்டு, இயங்க மறுக்கும் மோட்டார் சைக்கிள், ஒருவரின் இருமல், அம்மிக்கல், பாண் வண்டி. கோல் வேகம் பிடித்தது. ஆட்கள் தங்கள் வீடு வரும்போது சிரித்தார்கள், அயலவரின் வீடு வரும்போது இன்னும் சிரித்தார்கள்.

பிறகு கோல் இரண்டு கூரைகள் முட்டிய வீட்டுக்கு வந்து நின்றது.

ஸைனப் குனிந்து துணியில் காதை வைத்தாள். பவித்ரா அவளுக்குப் பக்கத்தில், இடது உள்ளங்கையால் மூடிய ஏதோ ஒன்றை வலது கை விரல்களால் மிக மெதுவாக உருட்டினாள். மூச்சை அடக்கியிருந்தாள். கையில் என்ன இருந்தது என்று நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. எந்தச் சத்தமும் எங்களுக்கு வரவில்லை. ஸைனப் மட்டும் கேட்டவள்போலத் தலையை அசைத்தாள்.

கூட்டம் பொறுமையிழந்து அசையத் தொடங்கியது. கதிரையொன்று கிறீச்சிட்டது. ஒரு தந்தை பக்கத்திலிருந்தவரிடம், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "புள்ளைகளுக்கு மறந்து போச்சு போல," என்றார்.

"சும்மா இருங்க!" என்று கதவருகிலிருந்து ஒரு குரல் அதட்டியது. ஹுன்னஸ்கிரியவில் நாங்கள் கேட்ட குரல். முன்வரிசையில் பாஹிமா உட்படத் தலைகள் எல்லாம் பின்னால் திரும்பின. யோகா யாரையும் பார்க்கவில்லை.

"இப்பதான் கதவு தொறக்குது," என்றார்.